ஆயுதம் விற்றவரும் குற்றவாளியா? உடந்தைச் சட்டத்தை முதலிலிருந்து பார்ப்போம்

காஸா, சூடான், மியன்மார் என்று செய்தி வரும்போதெல்லாம் வெள்ளவத்தைத் தேநீர்க் கடையிலும் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் ஒரே வாதம்தான் நடக்கிறது. "குண்டு போட்டவனுக்கு முன்னால் குண்டு கொடுத்தவனைத் தூக்கில் போடவேண்டும்" என்கிறார் ஒருவர். "வியாபாரி வியாபாரம் செய்தான், வாங்கினவன் என்ன செய்தால் அவனுக்கென்ன?" என்கிறார் மற்றவர். 2009ஐப் பற்றிப் பேச்சு வந்தால் சூடு இன்னும் ஏறும். எந்த நாடு எந்த விமானத்தைக் கொடுத்தது, எந்த நாடு எந்தப் படகைக் கொடுத்தது என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. சரி, அந்தப் பட்டியலை வைத்து ஒரு வழக்குப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சட்டம் சொல்வது இரண்டு பேருக்கும் பிடிக்காது. விற்றதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. "விற்றது மட்டும்தானே" என்று சொல்லித் தப்பவும் முடியாது. பொருளைக் கையளித்த திகதியில் உமக்கு என்ன தெரிந்திருந்தது என்றுதான் நீதிமன்றம் கேட்கும். கீழே வரும் வழக்குகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தத் திகதிக்கே வந்து சேர்கின்றன.

தொடங்குமுன் இரண்டு சொற்கள். இனப்படுகொலை, மானிடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் மூன்றையும் சேர்த்துப் பெருங்கொடுமைக் குற்றங்கள் என்போம். அவற்றைத் தானே செய்யாமல், செய்கிற தரப்பின் கட்டளைக்குள்ளும் இல்லாமல், வெளியிலிருந்து பொருளோ பணமோ பயிற்சியோ தகவலோ கொடுப்பவர் வெளி வழங்குநர். ஆயுத வியாபாரி மட்டுமில்லாமல் இரசாயனக் கம்பனி, வங்கி, கூலிப்படை, சமூக ஊடகத் தளம், வேறொரு நாட்டு அரசு எல்லாமே இந்தப் பெயருக்குள் வரலாம்.

## பெற்றோல் ஷெட்டில் ஒரு கான்

1983 ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்முறை மறுநாள் கொழும்பு முழுக்கப் பரவியது. கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தன என்பது பரவலாகப் பதிவான விடயம். அந்த 25ஆம் திகதியை வைத்து ஒரு கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு பெற்றோல் ஷெட். காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து, ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டது என்று சொல்லி ஒரு கான் பெற்றோல் வாங்குகிறார். பிறகு அந்தப் பெற்றோல் ஒரு வீட்டை எரித்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ஷெட்காரரை யாரும் குறைசொல்ல மாட்டோம். பத்து மணிக்குத் தெருக்கோடியில் புகை எழும்பிவிட்டது. முன்பின் தெரியாத ஐந்து பேர் நடந்து வந்து ஆளுக்கொரு கான் கேட்கிறார்கள். பக்கத்தில் வாகனம் எதையும் காணவில்லை. பன்னிரண்டு மணிக்கு அதே ஐவர் வெறுங் கான்களோடு திரும்பி வருகிறார்கள். ஒருவர் கையில் பெயர்ப் பட்டியல். "இன்னும் ஏழு வீடு மிச்சம்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஷெட்காரர் நிரப்பிக் கொடுத்துக் காசை எண்ணி வாங்குகிறார். அவருக்கு அந்த ஏழு வீட்டுக்காரர் மேலும் கோபமில்லை, வியாபாரம் நடந்தால் போதும்.

மூன்று முறையும் அதே பெற்றோல், அதே விலை. ஷெட்காரருக்குத் தெரிந்திருந்தது மட்டும் ஏழு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் மாறிவிட்டது. மூன்றாவது விற்பனையில் அவர் உடந்தை, அதாவது இன்னொருவர் செய்யும் குற்றத்துக்குத் தெரிந்துகொண்டே கைகொடுத்தவர். இது எங்கோ வெளிநாட்டில் கண்டுபிடித்த சங்கதி என்று நினைக்கவேண்டாம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 100ஆம் பிரிவு தூண்டுதல், சதி, வேண்டுமென்று உதவுதல் என்று உடந்தைக்கு மூன்று வழியைச் சொல்கிறது. பத்து மணி விற்பனைதான் சிக்கலானது. உண்மையான வழக்குகளில் பாதிக்கு மேல் அந்தப் பத்து மணியைப் பற்றித்தான் சண்டை.

இதே கற்பனையில் இன்னொருவரும் இருக்கிறார். அந்த இடாப்பைக் கொடுத்தவர். அவர் கொடுத்தது வெறும் கடதாசி, யாரையும் எரிக்காது. ஆனாலும் பெற்றோல் அடுத்த ஷெட்டிலும் கிடைக்கும், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற விபரம் கிடைக்காது. கொடுத்த பொருள் எவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது என்பதை வைத்துப் பங்கை அளக்கக்கூடாது என்பதற்கு இவரை ஞாபகம் வைத்திருங்கள்.

இதுவரை: வழங்குநர் கொலைகாரரைப் போல வெறுப்போடு இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. கொடுக்கும் நேரத்தில் என்ன தெரியும், கொடுத்தது எவ்வளவு உதவியது என்ற இரண்டும்தான் கணக்கு.

## ஹம்பேர்க், மார்ச் 1946

புரூனோ டெஷ் என்பவர் ஹம்பேர்க்கில் பூச்சிகொல்லி வியாபாரம் செய்தவர். கப்பல்களிலும் படைமுகாம்களிலும் பேன், எலி ஒழிக்கப் பயன்பட்ட சிக்லோன் பி என்ற சயனைட் மருந்தை அவருடைய நிறுவனம் விநியோகித்தது. ஔஷ்விட்ஸ் முகாமுக்கும் அனுப்பியது. அங்கே அது மனிதரைக் கொல்லப் பயன்பட்டது. போர் முடிந்தபின் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் டெஷையும் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த இருவரையும் விசாரித்தது. மார்ச் 1இல் தொடங்கி 8இல் முடிந்துவிட்டது.

மூன்று விடயங்களை நிரூபிக்கவேண்டும் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது: அந்த வாயுவால் மக்கள் கொல்லப்பட்டார்கள், அந்த வாயுவைக் கொடுத்தது இந்த நிறுவனம், மனிதரைக் கொல்லத்தான் போகிறது என்று குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரியும். எண்பது வருடம் கழித்தும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் கோப்பைத் திறந்தவுடன் இந்த மூன்றையும்தான் தேடுகிறார்கள்.

முதல் இரண்டிலும் பெரிய தகராறு இருக்கவில்லை. மூன்றாவதில்தான் வழக்குத் தொங்கியது. பேன் ஒழிக்கத்தான் கொடுத்தோம் என்றார் டெஷ். வழக்குத்தொடுநர் கொண்டுவந்த முக்கிய சாட்சிகள் அவருடைய சொந்த அலுவலக ஊழியர்கள். அவர் எழுதுவித்த ஒரு பயண அறிக்கையில் மனிதரை வாயுவால் கொல்வதைப் பற்றிய பேச்சு இருந்ததாகச் சாட்சியம் வந்தது. டெஷும், அவர் இல்லாதபோது நிறுவனத்தை நடத்திய கார்ல் வைன்பாகரும் மே 16இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

மூன்றாமவர் ஜோகிம் ட்ரோசின், வாயு அடிக்கும் வேலையைப் பார்த்த தொழில்நுட்பவியலாளர். அவர் விடுதலையானார். விநியோகத்தை நடத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அவர் இருந்ததற்குச் சான்று இல்லை என்பதே காரணம். சமூக ஊடகத்தில் "அந்தக் கம்பனியில் வேலை செய்த எல்லோரும் குற்றவாளிகள்" என்று எழுதுபவர்கள் இந்த விடுதலையைக் கவனிப்பதில்லை. ஒப்பமிடும் கையும் மறிக்கும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்று நீதிமன்றம் ஆள் ஆளாகப் பார்க்கும்.

## சாயப் பீப்பாய்

சிக்லோன் பி போல, நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் ஆகும் சரக்கை இருபயன் பொருள் என்பார்கள். வழங்குநர்களின் முதல் கவசம் இதுதான். சாயம், உரம், லொறி, கணினி, ட்ரோன் இயந்திரம் என்று எதற்கும் ஒரு நல்ல பயன் இருக்கும்.

இந்தக் கவசம் உடைந்த வழக்கு பிரான்ஸ் வான் அன்ராட்டுடையது. நெதர்லாந்து வியாபாரி. தயோடைகிளைக்கோல் என்ற இரசாயனத்தை வெளிநாடுகளில் வாங்கி 1980களில் சதாம் ஹுசைனின் ஈராக்குக்கு அனுப்பினார். துணிச் சாயத்திலும் பேனை மையிலும் பயன்படும் சரக்கு அது. கடுகு வாயுவுக்கான மூலப்பொருளும் அதுவே. அவர் அனுப்பியது 1,100 தொன்னுக்கு மேல். ஈராக் அந்த வாயுவை ஈரானியர் மீதும் தன் சொந்தக் குர்திஷ் மக்கள் மீதும் போட்டது. 1988 மார்ச் 16இல் ஹலப்ஜா நகரில் இரசாயனக் குண்டுகளால் மட்டும் சுமார் 5,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

துணி ஆலைக்கு என்று நினைத்தேன் என்றார் வான் அன்ராட். புறக்கோட்டையில் சாயம் மொத்தமாக விற்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலில் என்ன ஓட்டை என்று சொல்லிவிடுவார். ஒரு நாட்டுத் துணித் தொழிலுக்கு எவ்வளவு சாயம் செல்லும் என்று வியாபாரிக்குத் தெரியும். வாங்குபவர் யார், ஏன் சுற்றுவழியில் அனுப்பச் சொல்கிறார், ஏன் பத்திரத்தில் பெயர் மாற்றச் சொல்கிறார் என்றெல்லாம் யோசிக்காமல் யாரும் ஆயிரம் தொன் அனுப்புவதில்லை. அதற்குள் ஈராக் இரசாயன ஆயுதம் பாவிப்பது உலகச் செய்தியாகவும் ஆகியிருந்தது. 2005 டிசம்பரில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று 15 ஆண்டு விதித்தது. மேன்முறையீட்டில் 17 ஆகி, 2009இல் உயர்நீதிமன்றத்தில் பதினாறரையில் முடிந்தது.

இதே தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. குர்திஷ் மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று 2005 நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இனப்படுகொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டிலிருந்து வான் அன்ராட்டை விடுவித்தது. இனப்படுகொலைக்கு ஒரு குழுவை அழிக்கும் விசேட நோக்கம் தேவை. வாயுப் போடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே தவிர, அந்த அழிப்பு நோக்கம் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. எந்தக் குற்றத்துக்கு உடந்தை என்கிறோமோ அந்தக் குற்றத்துக்கேற்ற அறிவைக் காட்டவேண்டும். நம்மவர் மனுக்களில் "இனப்படுகொலைக்கு உதவிய நாடு" என்று எடுத்தவுடன் எழுதிவிடுகிறார்கள். போர்க்குற்றம் என்று எழுதியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கக்கூடிய மனு அந்த ஒரு சொல்லின் பாரத்தில் விழுந்துவிடும்.

இதுவரை: அளவு, வாங்குபவர், வழி, அன்றைய செய்தி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து நீதிமன்றம் அறிவை ஊகிக்கும். ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை. சதாம் தண்டிக்கப்படும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. முதன்மைக் குற்றம் நடந்ததென்று நிரூபித்தால் போதும்.

## தெரிந்தால் போதுமா, விரும்பவும் வேண்டுமா?

இந்த இடத்தில் நீதிபதிகளே பிரிந்து நிற்கிறார்கள்.

பொஸ்னியப் போரில் செர்பியப் படைக்கு ஆளும் ஆயுதமும் கொடுத்த யுகோஸ்லாவியத் தளபதி மொம்சிலோ பெரிசிச்சுக்கு, முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கென்று ஐநா அமைத்த சர்வதேச நீதிமன்றத்தில் 2011இல் 27 ஆண்டு கிடைத்தது. 2013 பெப்ரவரியில் மேன்முறையீட்டில் விடுதலை. உதவி பொதுவாகப் போருக்குப் போனது, அந்தக் குறிப்பிட்ட குற்றங்களை நோக்கித் திருப்பி விடப்பட்டதாகக் காட்டப்படவில்லை என்றார்கள். இதைக் குறியிலக்கு நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம் செப்டெம்பரில், சியரா லியோனுக்கான விசேட நீதிமன்றம் அந்நாட்டுக் கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் கொடுத்த முன்னாள் லைபீரிய ஜனாதிபதி சார்ள்ஸ் டெய்லரின் 50 ஆண்டுத் தண்டனையை உறுதிசெய்தபோது இந்த நிபந்தனையை ஏற்கவில்லை. 2014 ஜனவரியில் பெரிசிச்சை விடுவித்த அதே யுகோஸ்லாவிய நீதிமன்றத்தின் வேறொரு மேன்முறையீட்டுக் குழுவும் அதைத் தள்ளிவிட்டது. பெரிசிச் தீர்ப்பை மட்டும் காட்டி "ஆயுதம் கொடுத்தவரைத் தொடமுடியாது" என்று சொல்பவர், பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம் வேறு வழி. அதன் 25ஆம் உறுப்புரை, குற்றத்தை இலகுவாக்கும் நோக்கத்தோடு உதவியிருக்கவேண்டும் என்கிறது. நமது ஷெட்காரருக்குக் காசு மட்டும்தான் நோக்கம் என்பதால் அங்கே அவரைப் பிடிப்பது கடினம். ஹம்பேர்க் அளவுகோலில் பிடிபட்டுவிடுவார். அதனால்தான் வழங்குநர் வழக்குகள் பெரும்பாலும் ஹேக்கிலுள்ள அந்தப் பெரிய நீதிமன்றத்துக்குப் போகாமல் வழங்குநரின் சொந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகின்றன.

## கப்பம் கொடுத்த சீமெந்து

வடக்கு சிரியாவில் ஜலாபியா என்ற இடத்தில் பிரெஞ்சுக் கம்பனி லஃபார்ஜுக்கு ஒரு சீமெந்துத் தொழிற்சாலை இருந்தது. போர் வந்து மற்றவர்கள் வெளியேறிய பிறகும் 2014 செப்டெம்பர்வரை அது இயங்கியது. ஐஎஸ், அல் நுஸ்ரா என்ற ஆயுத அமைப்புகளுக்குப் பணம் கொடுத்துத்தான் இயங்கியது. 2022 ஒக்டோபரில் நியூயோர்க் புரூக்ளின் நீதிமன்றத்தில் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 778 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. அமைப்புகளுக்குப் போனது 6 மில்லியன் டொலருக்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் காலத்தில் தொழிற்சாலையின் விற்பனை வருமானம் சுமார் 70 மில்லியன் என்று அமெரிக்க நீதித்துறை கணக்குக் காட்டியது.

பிரான்சில் இன்னொரு கேள்வி எழுந்தது: சீமெந்து விற்கக் கொடுத்த காசு மானிடத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை ஆகுமா? ஆகலாம் என்றது பிரான்சின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2021 செப்டெம்பர் 7இல். கொடுப்பவர் அந்தக் குற்றத்தை விரும்பியிருக்க வேண்டியதில்லை, அது நடக்கிறது என்று தெரிந்து மில்லியன்களைக் கொடுத்தாலே போதும், கம்பனியின் நோக்கம் வியாபாரம் என்பது பதிலாகாது என்று சொன்னது.

கப்பம் கேட்டால் என்ன செய்வது? கொழும்பில் கடை வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. தலையில் துப்பாக்கி வைத்து வாங்கினால் அது நிர்ப்பந்தம், சட்டம் அதை ஏற்கும். மாதாமாதம் கொடுத்து, கணக்கில் வேறு பெயரில் எழுதி, கடையை மூடிப் போகலாம் என்ற நிலை இருந்தும் இலாபத்துக்காகத் தங்கினால் நிர்ப்பந்தம் என்ற வாதம் கரைந்துவிடும். கொலம்பியாவில் துணைப்படைக்கு 1.7 மில்லியன் டொலர் கொடுத்த வாழைப்பழக் கம்பனி சிக்கீட்டா இதே வாதத்தைத்தான் வைத்தது. 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 மில்லியன் டொலர் அபராதம் கட்டியது. 2024 ஜூனில் புளோரிடா ஜூரிகள், கொல்லப்பட்ட எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு 38 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

## எந்த நீதிமன்றம்?

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கம்பனியை விசாரிக்காது, ஆட்களை மட்டுமே விசாரிக்கும். பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளின் உள்நாட்டுச் சட்டத்தில் கம்பனியையும் கூண்டில் ஏற்றலாம். சுவீடனில் சூடான் எண்ணெய் வயல்கள் தொடர்பாக லுண்டின் கம்பனியின் முன்னாள் உயர் நிர்வாகிகள் இருவர் மீது, போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று 2023 செப்டெம்பரில் வழக்கு விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு 1999 முதல் 2003 வரையான காலத்தைப் பற்றியது. இருவரும் மறுக்கிறார்கள். இருபது வருடத் தாமதம் இந்தத் துறையில் அதிசயமில்லை.

அமெரிக்காவில் வெளிநாட்டவர் நட்டஈட்டு வழக்குப் போட உதவிய 1789ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2013, 2018, 2021 தீர்ப்புகளால் மிகவும் குறுக்கிவிட்டது. இன்னும் அதைக் காட்டி ஆலோசனை சொல்பவர்கள் பழைய குறிப்பேட்டைப் பார்க்கிறார்கள்.

இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. ஆகவே இங்கு நடந்தவற்றுக்கு அந்தக் கதவு முழுதாக மூடிக்கிடக்கிறது என்று நினைப்பார்கள். பாதி உண்மை. சாசனத்தில் சேர்ந்த நாடொன்றின் பிரசை, சேராத நாட்டில் நடந்த குற்றத்துக்கு உதவியிருந்தாலும் அவர்மேல் அந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் உண்டு. நியாயாதிக்கம் என்றால் வழக்கை எடுக்கும் அதிகாரம். 2002 ஜூலை 1க்குப் பிந்திய குற்றமாக இருக்கவேண்டும், மேலே சொன்ன நோக்க நிபந்தனையையும் தாண்டவேண்டும். ஏட்டில் உள்ள கதவுதான். ஆனாலும் குற்றவாளியின் நாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வழங்குநரின் கடவுச்சீட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு நம் பக்கத்து உதாரணம், பிரித்தானியக் கூலிப்படை நிறுவனமான கீனி மீனி சேர்விசஸ். 1980களில் இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் இருந்தவர்கள் மீதான போர்க்குற்றச் சந்தேகத்தை விசாரிப்பதாக லண்டன் பெருநகரப் பொலிஸ் 2020இல் உறுதிப்படுத்தியது. வழங்கப்பட்டது பயிற்சி. விசாரிப்பது வழங்குநரின் ஊர்ப் பொலிஸ்.

## கொடுத்தது ஒரு அரசு என்றால்

அரசைச் சிறையில் போட முடியாது, அதனால் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் நடந்த படுகொலை பற்றி, நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் 2007 பெப்ரவரி 26இல் சொன்னதைப் பாருங்கள். செர்பியா பொஸ்னிய செர்பியருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது நிச்சயம். ஆனால் இனப்படுகொலை நடக்கப்போகிறது அல்லது நடக்கிறது என்று தெளிவாகத் தெரிந்த நேரத்திலும் தொடர்ந்து கொடுத்தது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே உடந்தை இல்லை. தடுக்கக்கூடிய செல்வாக்கு இருந்தும் தடுக்கவில்லை, ஆகவே தடுக்கும் கடமையை மீறியது. அங்கேயும் திகதிதான்.

2014 டிசம்பர் 24இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கை இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. அனுமதி கொடுக்கும் நேரத்தில், இந்த ஆயுதம் இனப்படுகொலைக்கோ மானிடத்துக்கு எதிரான குற்றத்துக்கோ போகும் என்று தெரிந்தால் அனுமதிக்கக்கூடாது என்கிறது 6ஆம் உறுப்புரை. தெரியாவிட்டாலும் ஆபத்தை மதிப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்கிறது 7ஆவது. 2013இல் ஐநா பொதுச்சபை வாக்கெடுப்பில் இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது. நெதர்லாந்தில் 2024 பெப்ரவரி 12இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இஸ்ரேலுக்கு எஃப்-35 விமான உதிரிப்பாகம் அனுப்புவதை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது. 2025 ஒக்டோபரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அந்தத் தடையை அப்படியே வைக்காமல், அரசே ஆறு வாரத்தில் அனுமதியை மீண்டும் மதிப்பிடவேண்டும் என்றது.

## பேஸ்புக்கும் திகனவும்

2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இங்கே பேஸ்புக்கில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றிக் கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. 2014க்கும் 2018க்கும் இடையிலான நான்கு வருடம்தான் நமது பத்து மணி விற்பனை.

மன்னிப்பு பொறுப்பேற்பு ஆகாது. எல்லோருக்கும் திறந்துவிட்ட சேவையை ஒரு குறிப்பிட்ட தாக்குதலுக்கான உதவியாகக் காட்டுவது கடினம். 2023 மேயில் அமெரிக்க உயர்நீதிமன்றம், இஸ்தான்புல் இரவு விடுதித் தாக்குதல் தொடர்பாக ருவிட்டருக்கு எதிராகப் போட்ட வழக்கை இந்தக் காரணத்தால்தான் ஏற்கவில்லை. "இந்தப் பதிவு, இந்த ஊர், இன்று இரவு" என்று முறைப்பாடு போய், அது கிடைத்தது என்று பதிலும் வந்து, பதிவு அப்படியே இருந்தால் நிலைமை மாறலாம். முறைப்பாட்டின் திரைப்பிடியைத் திகதி, நேரம், இணைப்போடு எடுத்து வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

## கோப்பு எப்படிக் கட்டுவது, எங்கே பிழைக்கும்

இரண்டு பத்தி போட்ட ஒரு தாள் எடுங்கள். இடது பக்கம் விநியோகம்: ஒப்பந்தம், பணம், கப்பல், கையளிப்பு. வலது பக்கம் அறிவு: ஐநா அறிக்கை, செய்தி, தூதரகக் கடிதம், கம்பனிக்குப் போன எச்சரிக்கை. இரண்டையும் திகதி வரிசையில் எழுதுங்கள். வலது பக்கத்தில் முதல் எச்சரிக்கை விழுந்த திகதிக்குக் கீழே, இடது பக்கத்தில் எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். வழக்கு அந்த வரிகளில்தான் இருக்கிறது.

துறைமுக வேலை தெரிந்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர் என்பதால் இடது பக்கம் நமக்குப் பழக்கமான கடதாசிகள்தாம். எல்சி, அதாவது விற்பவருக்குக் காசு தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், யார் பெயரில் திறக்கப்பட்டது என்றால் காசு யாருடையது என்று தெரியும். பில் ஒஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டில் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், என்ற இடத்தில் "டு ஓடர்" என்று மட்டும் போட்டிருக்கும், அல்லது வங்கியின் பெயர் இருக்கும். உண்மையான ஆள் பல தடவை நோட்டிஃபை பார்ட்டி கட்டத்தில் ஒளிந்திருப்பார், ஏனென்றால் கப்பல் வந்த தகவல் யாருக்காவது போயாகவேண்டுமே. பெக்கிங் லிஸ்ட் நிறையையும் எண்ணிக்கையையும் சொல்லும். இறுதிப் பாவனையாளர் சான்றிதழ் என்பது, இந்தச் சரக்கை நானே பாவிப்பேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாங்கும் அரசு எழுதிக்கொடுக்கும் கடிதம். மிக அதிகமாகப் போலி செய்யப்படுவதும் அதுதான். ஒப்பமிட்டவர் அந்தத் திகதியில் உண்மையில் அந்தப் பதவியில் இருந்தாரா என்று வர்த்தமானியில் பார்த்தாலே சில போலிகள் விழுந்துவிடும்.

பிழைக்கும் இடங்கள் சில. பழைய கையிருப்பு முதலாவது: 1990களில் வாங்கிய விமானம் 2009இல் குண்டு போட்டிருந்தால், விமானத்தை விற்றவரின் அறிவு 1990களின் அறிவுதான். ஆனால் அதே விமானத்துக்கு 2008இல் உதிரிப்பாகமோ குண்டோ பராமரிப்போ கொடுத்திருந்தால் அது புதிய வழங்கல், புதிய திகதி. பட்டியல் போடுபவர்கள் பளிச்சென்ற விமானத்தை எழுதிவிட்டு இந்த உதிரிப்பாக இன்வொய்ஸை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, இடைத்தரகர் சங்கிலி. மூன்று நாட்டு மூன்று கம்பனி ஊடாகச் சரக்குப் போனால் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக அறிவைக் காட்டவேண்டும், முதல் கண்ணிக்குத் தெரிந்தது கடைசிக் கண்ணிக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குற்றம் முடிந்தபின் வந்து சேர்ந்த சரக்கு, முன்கூட்டியே பேசி வைத்ததாக இருந்தாலொழிய, அந்தக் குற்றத்துக்கு உதவி ஆகாது.

வெடித்த துண்டுகளைப் பற்றி: கையால் தொடவேண்டாம், வெடிக்காத பாகம் இருக்கலாம். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து, எல்லாப் பக்கமும் படமெடுத்து, தொடரிலக்கமும் தொகுதி இலக்கமும் வருடமும் உள்ள இடத்தைக் கிட்டவாக இன்னொரு படம் எடுக்கவேண்டும். தொகுதி இலக்கம் இருந்தால் தொழிற்சாலையின் உற்பத்தித் திகதிக்குப் போகலாம். இலக்கமில்லாத துண்டு கண்ணீர் வரவைக்கும், வழக்குக்கு உதவாது. படத்தின் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் போய்வந்த பிரதியில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும்.

2021 மார்ச்சில் ஐநா மனித உரிமைப் பேரவை 46/1 தீர்மானத்தால் இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் ஒரு பிரிவை மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் அமைத்தது. அங்கே போய்ச் சேரும் சான்றில் பெரும்பகுதி, நியாயமாகவே, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியம். வழங்குநர் பக்கக் கடதாசி வேறு இடங்களில் கிடக்கிறது: வங்கியின் எல்சி கோப்பு, கிளியரிங் ஏஜென்டின் பழைய பெட்டி, கப்பல் முகவர் அலுவலகத்து மூன்றாம் பிரதி. பெருங்கொடுமைக் குற்றங்களுக்குப் பொதுவாகக் காலாவதி கிடையாது, ஆனால் அலுவலகங்கள் பழைய கோப்பைச் சில வருடத்தில் கிழித்துப் போட்டுவிடும். அப்படி ஒன்று கையில் அகப்பட்டால் மூலத்தில் ஒரு எழுத்தும் எழுதாமல், யாரிடமிருந்து, எந்த இடத்தில், எந்த நாள் கிடைத்தது என்பதைத் தனித் தாளில் எழுதி ஒப்பமிட்டு, இரண்டையும் ஒரே உறையில் போட்டு, ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.